பாலையின் வேரடி

சென்னையிலிருந்து திருச்சிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் திண்டிவனத்தைத் தாண்டியதும் வருவது கூட்டேரிப்பட்டு. மயிலம் முருகனைக் காணச் செல்வோர் பேருந்திலிருந்து இறங்கும் கூட்டுரோடு என்றே பலரும் அதை அறிவர். ஏரியைப் பெயரிலேயே சுமந்திருக்கும் அவ்வூரில் இறங்கி, மயிலத்தைக் கடந்து கிழக்கும் தெற்குமாகப் போனால் முதலில் திருவக்கரையின் கல்மரங்கள் எதிர்ப்படும். இன்னும் கடலை நோக்கி நடந்தால் இரும்பை. அதையடுத்து ஒரு செம்மண் மேடு. இன்று அடர்ந்த மரங்களைத் தாங்கி நிற்கும் அந்த மேடு, அறுபதாண்டுகளுக்கு முன் ஏறத்தாழப் பாலையாகக் கிடந்தது. மழைநீர் அறுத்த பள்ளங்களும் ஆங்காங்கே நின்ற பனைகளும் தவிர அங்கே வேறு அதிகமில்லை.

வரலாறு என்றால் நாம் மன்னர்களையும் போர்களையும் கல்வெட்டுகளையும் நினைக்கிறோம். ஒரு நிலம் எப்படிப் பாலையானது, பாலைக்குள் என்ன எஞ்சியிருந்தது, மீண்டும் எப்படித் தழைத்தது என்பதும் வரலாறுதான். அந்த வரலாற்றின் முக்கியமான பாத்திரம் கண்ணுக்குத் தெரியாமல் மண்ணுக்குள் வாழ்கிறது. தாவர நூலார் அதை வேர்ப்பூஞ்சை என்பர். வேளாண்மைத் துறையின் துண்டறிக்கைகளில் அதற்கு வேர் உட்பூசணம் என்று பெயர். உரக்கடைகளில் 'வேம்' என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள்.

இரும்பையின் சாபம்

இரும்பை மாகாளம் திருஞானசம்பந்தரின் பதிகம் பெற்ற தலம். அங்கே கடுவெளிச் சித்தரைப் பற்றி ஒரு செவிவழிக் கதை வழங்குகிறது. அரசமரத்தடியில் உதிரும் இலைகளை மட்டும் உண்டு அவர் தவமிருக்கிறார். நாட்டில் மழை பொய்க்கிறது. சித்தரின் தவக்கனலே காரணம் என்று எண்ணிய அரசன், ஒரு நடனமாதைக் கொண்டு அவரது தவத்தைக் கலைக்கிறான். மழையும் வருகிறது. பின்னர் திருவிழாவில் அவள் ஆடும்போது கழன்று விழுந்த சிலம்பைச் சித்தர் எடுத்து அவள் காலில் பூட்டிவிட, கூடியிருந்தோர் நகைக்கிறார்கள். சித்தர் சினந்து பாட, கருவறையில் இருந்த இலிங்கம் மூன்றாகப் பிளக்கிறது, நிலம் பாழாகிறது. பின்னர் மனமிரங்கிய சித்தர், என்றேனும் ஒருநாள் தொலைதூரத்து மக்கள் வந்து இப்பாழைப் பசுமையாக்குவர் என்று சொன்னதாகக் கதை முடியும்.

கதையை அப்படியே வரலாறாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் அதில் கவனிக்கத்தக்க ஒரு நுட்பம் உண்டு. மழை வந்த பிறகுதான் நிலம் பாழாகிறது. இது மெய்ந்நிலைக்கும் பொருந்துகிறது. புதுவையை ஒட்டிய இந்தக் கரையோரத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 1,200 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. தார்ப் பாலையின் விளிம்பிலுள்ள ஜோத்பூருக்குக் கிடைப்பதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு இது. மழையின்மையால் அந்த மேடு பாலையாகவில்லை.

நம் முன்னோர் பாலையை வரையறுத்த விதத்தை இங்கே எண்ணிப்பார்க்கலாம். தொல்காப்பியம் மற்ற நான்கு திணைகளுக்கும் நிலம் வகுத்துவிட்டு, பாலையை நடுவுநிலைத் திணையாக வைத்தது. அதற்கெனத் தனி நிலம் தரவில்லை. சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில் மதுரைக்கு வழி சொல்லும் மறையோன், முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டுப் பாலை வடிவம் கொள்வதைக் கூறுகிறான். பாலை பிறப்பதன்று, ஆவது என்பதே அதன் கருத்து. அத்திணையின் உரிப்பொருள் பிரிவு. எது எதனைப் பிரிந்தால் ஒரு நிலம் பாலையாகும் என்ற கேள்விக்கு, கடந்த நூற்றைம்பது ஆண்டுகளின் தாவரவியல் ஒரு விடை வைத்திருக்கிறது.

பகை என்று அறிந்தது

1880களில் பிரஷ்ய அரசின் வேளாண் அமைச்சகம் பெர்லினில் இருந்த ஆல்பர்ட் பெர்ன்ஹார்ட் ஃபிராங்க் என்ற தாவரவியலாரிடம் ஒரு பணியை ஒப்படைத்தது. நிலத்தடியில் விளையும் விலையுயர்ந்த டிரஃபில் காளானைப் பயிரிட வழி காண வேண்டும் என்பதே பணி. அம்முயற்சி பலிக்கவில்லை. ஆனால் மரவேர்களைத் தோண்டித் தோண்டிப் பார்த்த ஃபிராங்க், வேர்நுனிகளைப் பூஞ்சை உறைபோல் போர்த்தியிருப்பதைக் கண்டார். மரம் நோயுற்றிருக்கவில்லை, செழித்திருந்தது. பூஞ்சை மண்ணிலிருந்து உணவு கொண்டுவந்து மரத்துக்கு ஊட்டுகிறது, மரமும் பூஞ்சையைப் பேணுகிறது என்று அவர் 1885இல் எழுதினார். பூஞ்சைக்கும் வேருக்கும் உரிய கிரேக்கச் சொற்களைச் சேர்த்து 'மைக்கோரைசா' என்ற பெயரையும் வைத்தார். அன்றைய அறிஞர் பலர் அதை ஏற்கவில்லை. பூஞ்சை என்றால் அழிவு, அழுகல், பஞ்சம் என்றே அக்காலம் கருதியது. அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பஞ்சம் அவர்கள் நினைவில் இன்னும் பழசாகியிருக்கவில்லை.

நம் நாட்டிலும் பூஞ்சை முதலில் பகையாகவே அறிமுகமாயிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பீகாரின் பூசா ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய எட்வின் ஜான் பட்லர், பயிர்நோய்ப் பூஞ்சைகளைப் பற்றி 1918இல் பெருநூல் ஒன்றை வெளியிட்டவர். இந்தியப் பயிர்நோயியலின் தந்தை என்று அவரைச் சொல்வதுண்டு. அதே பட்லர் 1939இல், வேரின் உள்ளே வாழ்ந்தும் தீங்கு செய்யாத பூஞ்சைகளைத் திரட்டி ஆராய்ந்து நீண்ட கட்டுரை ஒன்றை எழுதினார். வாழ்நாளெல்லாம் பகைவரைப் படித்தவர் முதுமையில் நண்பரைக் கண்டுகொண்டார் எனலாம்.

சென்னையிலும் கதை இவ்வாறே நடந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் ஆய்வகத்தை டி. எஸ். சதாசிவன் வளர்த்தெடுத்தபோது, பருத்தியின் வாடல் நோய் போன்றவற்றை உண்டாக்கும் மண்வாழ் பூஞ்சைகளே அங்கு முதன்மைப் பொருள். அம்மரபில் வந்த ஏ. மகாதேவனும் எஸ். ரகுபதியும் 1993இல் தமிழகச் சமவெளியின் தாவரங்களிலும் அவற்றின் வேர்சூழ் மண்ணிலும் வேர்ப்பூஞ்சைகள் எங்கெங்கே, எவ்வெவை உள்ளன என்பதைப் பட்டியலிட்டு வெளியிட்டார்கள். நாம் அன்றாடம் மிதித்து நடக்கும் மண்ணுக்கு எழுதப்பட்ட ஊர்க்கணக்கு அது.

இத்தகைய கணக்கை எடுக்கும் முறை எளியது. மண்ணை நீரில் கரைத்து, மேல்நீரை ஒன்றைவிட ஒன்று நுண்ணிய சல்லடைகளின் வழியாக ஊற்ற வேண்டும். சல்லடையில் தங்கியதை உருப்பெருக்கியில் பார்த்தால் மஞ்சளும் பழுப்பும் வெண்மையுமாக உருண்டைகள் தெரியும். அவை பூஞ்சையின் வித்துகள். 1963இல் கெர்டமன், நிக்கல்சன் என்ற இருவர் இம்முறையை வகுத்துத் தந்தார்கள். அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, இங்கிலாந்தின் பார்பரா மோஸ் என்ற பெண்மணி ஸ்ட்ராபெரிச் செடியின் வேரிலிருந்த பூஞ்சை எந்த வித்திலிருந்து வந்தது என்பதைக் காட்டியிருந்தார். அவர் பெயர் இன்றும் ஒரு பூஞ்சையினத்தின் பெயரில் வாழ்கிறது.

வேருக்குள் ஒரு சிறுமரம்

ஃபிராங்க் கண்டது வேரைப் போர்த்தும் வகை. நம் நாட்டுப் பயிர்களிலும் வறண்ட நிலத்துச் செடிகளிலும் மிகுதியாக உள்ளது வேருக்குள் புகும் வகை. நிலத்தாவர இனங்களில் பத்துக்கு ஏழு இவ்வகைப் பூஞ்சையோடு வாழ்கின்றன. பூஞ்சை வேரின் உயிரணுவுக்குள் நுழைந்து, கிளைவிட்டுக் கிளைவிட்டு ஒரு மரம்போல் விரிகிறது. 1905இல் இதை வரைந்து காட்டிய பிரெஞ்சுக்காரர் கல்லோ, தம் மொழியில் 'சிறுமரம்' என்றே அதற்குப் பெயரிட்டார். பண்டமாற்று நடப்பது அங்கேதான். செடி தான் வெயிலில் சமைத்த சர்க்கரையைத் தருகிறது. பூஞ்சை மணிச்சத்தையும் துத்தநாகம் போன்ற நுண்சத்துகளையும் கொணர்ந்து தருகிறது.

செம்மண்ணில் இந்த ஒப்பந்தத்துக்குத் தனி மதிப்பு உண்டு. மண்ணைச் சிவக்கச் செய்யும் இரும்பே மணிச்சத்தைப் பற்றிக்கொண்டு விடாமல் வைத்திருக்கிறது. வேர் தன்னைச் சுற்றி ஓரிரு மில்லிமீட்டர் தொலைவிலுள்ள சத்தை உறிஞ்சிவிட்டால், அதற்கப்பால் இருப்பது தானாக நகர்ந்து வருவதில்லை. வேர்த்தூவியைவிட மெல்லிய பூஞ்சையிழைகள் பல சென்டிமீட்டர் தாண்டிச் சென்று, வேர் நுழைய முடியாத நுண்துளைகளில் புகுந்து அதைத் திரட்டிவருகின்றன. போகிற போக்கில் மண்துகள்களையும் கோத்துக் கட்டுகின்றன. அவ்வாறு கட்டுண்ட மண்ணை மழை எளிதில் கரைத்துப் போவதில்லை.

எங்கள் பக்கத்து மல்லாட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். திண்டிவனத்தின் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் 1940இல் வெளியிட்ட டி.எம்.வி. 2 நிலக்கடலை இந்தியாவெங்கும் பரவிய புகழ்பெற்ற இரகம். அப்பெயரின் எழுத்துகள் திண்டிவனத்தைக் குறிப்பவை. நிலக்கடலையோ தென் அமெரிக்காவிலிருந்து வந்த பயிர். வேர்த்தூவிகள் அதற்கு மிகக் குறைவு. கடல் கடந்து வந்த அந்நியப் பயிர் நம் மானாவாரிச் செம்மண்ணில் வேரூன்றித் தழைத்ததில் உள்ளூர்ப் பூஞ்சைகளுக்குப் பங்குண்டு. ஊர் பேர் கேட்காமல் வந்தாரை வாழவைக்கும் குணம் இப்பூஞ்சைகளுக்கு இயல்பு. உலகில் இதுவரை பெயரிடப்பட்ட இவ்வகை இனங்கள் 300க்குச் சற்று மேல்தான். அவை இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட தாவர இனங்களோடு உறவாடுகின்றன. கடுகும் முளைக்கீரையும் மரக்காணத்து உப்பளத்தோர உமரியும் போன்ற சில குடும்பங்களே பெரும்பாலும் இவ்வுறவில் சேராமல் தனித்து நிற்கின்றன.

இவ்வுறவு எத்தனை பழையது? திருவக்கரைக் கல்மரங்களைப் பார்க்கும்போது இக்கேள்வி எழுவது இயல்பு. 1781இல் சொன்னரா என்ற பிரெஞ்சு இயற்கையறிஞர் பதிவு செய்த அம்மரங்கள் ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டு பழையவை என்பது இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் கணிப்பு. ஆனால் அவற்றுக்கு வேரும் இல்லை, கிளையும் இல்லை. எங்கிருந்தோ வெள்ளம் புரட்டிக்கொண்டுவந்த அடிமரங்கள் அவை. வேரைக் காண ஸ்காட்லாந்தின் ரைனி என்ற சிற்றூருக்குப் போக வேண்டும். அங்குள்ள நாற்பது கோடி ஆண்டுப் பழைய பாறையில், உண்மையான வேரே இன்னும் தோன்றாத ஒரு தொல்செடியின் தண்டுக்குள் அந்தச் சிறுமரங்கள் கல்லாகிக் கிடப்பதை 1994இல் அறிவித்தார்கள். தாவரங்கள் நீரைவிட்டு வெறும் பாறை நிலத்தில் கால்வைத்தபோதே பூஞ்சை உடனிருந்திருக்கிறது. உலகின் முதற்பாலையைக் கடக்க உதவிய வழித்துணை அது.

உகாயும் வன்னியும்

இனி மெய்யான பாலைக்கு வருவோம். சங்கப் பாடல்களில் பொருள்தேடிப் போகும் தலைவன் கடக்கும் சுரத்தில் உகாய் என்றொரு மரம் நிற்கும். அதைச் சால்வடோரா பெர்சிகா என்று தாவரவியலார் அடையாளம் காண்கிறார்கள். அரபு நாடுகளில் பல்துலக்கும் மிஸ்வாக் குச்சி தருவதும் இதே மரம். நம் கோயில்களில் தலமரமாக நிற்கும் வன்னியோ இராஜஸ்தானில் கேஜ்ரி. 1730இல் கேஜர்லி என்ற ஊரில் அம்மரங்களைக் காக்க பிஷ்னோய் மக்கள் 363 பேர் உயிர்நீத்தார்கள். ஓமன் நாட்டில் அதன் பெயர் காஃப்.

இவ்விரு மரங்களும் ஓமனின் வறண்ட நிலத்தில் நடந்த ஓர் ஆய்வில் சேர்ந்தே இடம்பெற்றன. பாலைச்சோலையின் பேரீச்சந்தோட்டம், ஆராய்ச்சிப் பண்ணையின் பேரீச்சந்தோட்டம், அருகிலிருந்த தீண்டப்படாத வறள்நிலம், தொலைவிலிருந்த மணற்குன்று ஆகியவற்றின் மண்ணை எடுத்துப் பூஞ்சைகளைக் கணக்கிட்டு 2011இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மொத்தம் 25 வகைகள். உகாயும் வன்னியும் நின்ற இயற்கை நிலத்தைவிடப் பேரீச்சையின் அடியில் வகையும் தொகையும் மிகுதி. மணற்குன்றில் இரண்டே வகைகள். அவையும் நேரடியாகக் கிட்டவில்லை. மண்ணைத் தொட்டியிலிட்டுச் செடிகள் வளர்த்து, வேர் கண்டு பூஞ்சை விழித்தெழுந்த பிறகே அவற்றைக் காண முடிந்தது.

இவ்வாய்வு சொல்வன இரண்டு. முதலாவது, பாலையின் மண் வெறுமையன்று. வித்துகள் உறங்கிக் கிடக்கின்றன. உயிருள்ள வேர் வந்தால் எழுகின்றன. வேரின்றி இப்பூஞ்சை தனித்து வாழ்நாளை முடித்துக்கொள்ள இயலாது. இரண்டாவது செய்தி இன்னும் வியப்பானது. உலகெங்கும் மிகப் பரவலாகக் காணப்படுவனவும் கடையில் விற்கும் நுண்ணுயிர் உரங்களில் பெரும்பாலும் சேர்க்கப்படுவனவுமான இரண்டு இனங்கள் அங்கே எங்குமே அகப்படவில்லை. அவற்றுள் ஒன்று, பார்பரா மோஸின் பெயர் தாங்கியது. அதற்கு மாறாக, அறிவியல் அதுவரை பெயரிட்டிராத வகைகள் கிடைத்தன. 2014இல் ஓமன் பாலையின் ஒரே இடத்திலிருந்து மூன்று புதிய இனங்களுக்குப் பெயர் சூட்டினார்கள். ஒன்று ஓமனின் பெயரையும், இன்னொன்று அரேபியாவின் பெயரையும், மற்றொன்று பேரீச்சைக்குரிய அரபுச் சொல்லான 'நகீல்' என்பதையும் கொண்டன.

ஆக, யாரோடும் உறவாடும் இப்பூஞ்சைகள் எங்கும் ஒன்றாக இருப்பதில்லை. ஒவ்வொரு நிலமும் தன் வெயிலையும் உப்பையும் தாங்கும் கூட்டத்தைத் தேர்ந்து வைத்திருக்கிறது. 1998இல் சுவிட்சர்லாந்திலும் கனடாவிலும் நடந்த புகழ்பெற்ற சோதனைகள், மண்ணில் பூஞ்சை வகைகள் கூடக்கூட மேலே செடிவகைகளும் கூடுகின்றன என்று காட்டின. கீழே ஒரு வகை அழிந்தால் மேலே ஏதோ ஒரு செடியின் வாழ்வு தளர்கிறது.

செம்மண் மேடு

இப்போது இரும்பைக்குத் திரும்பலாம். அந்த மேட்டில் ஒருகாலத்தில் இருந்தது கரையோரத்து உலர் பசுமைமாறாக் காடு. வீரை, காசா, உலக்கைப்பாலை போன்ற மரங்கள் அதன் குடிகள். பாலைத்திணைக்குப் பெயர் தந்தது வெட்பாலை என்பாரும் உலக்கைப்பாலை என்பாரும் உண்டு. எதுவாயினும், கோடையிலும் இலையுதிர்க்காத உலக்கைப்பாலை அப்பெயருக்குப் பொருந்தாமற் போகாது. கட்டுமரத்துக்கும் கரிக்கும் விறகுக்கும் காடு போயிற்று. பின்னர் ஆடுமாடுகள் மேய்ந்தன. திறந்து கிடந்த மண்ணை ஒவ்வோர் ஐப்பசி கார்த்திகையும் அறுத்துக் கடலில் சேர்த்தது. பூஞ்சை வித்துகளில் பெரும்பகுதி மேல்மண்ணின் ஓரடிக்குள்தான் இருக்கும். எனவே மழை கொண்டுபோனது மண்ணை மட்டுமன்று. மறுபடி காடாவதற்கான உறவையும் சேர்த்துக் கொண்டுபோயிற்று. மழை பெய்தும் பாழான நிலம் என்று கதை சொன்னது இதைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. வேரும் பூஞ்சையும் பிரிந்த நிலமே பாலை.

1968 பிப்ரவரி 28 அன்று அந்த மேட்டில் ஆரோவில் தொடங்கப்பட்டது. 124 நாடுகளிலிருந்து பிடிமண் கொண்டுவந்து ஒரு கலசத்தில் இட்டு மூடினார்கள். மானுட ஒருமைப்பாட்டின் அடையாளம் அது. ஒருவகையில், உலகப் பூஞ்சைகளின் ஆவணக் காப்பகமாகவும் இருக்கக்கூடும். ஆனால் மேட்டைக் காடாக்கியது மூடிவைத்த மண் அன்று. மண்கரைகள் கட்டி நீரை நிறுத்தினார்கள், கால்நடைகளைத் தடுத்தார்கள், ஆஸ்திரேலிய வேலமரம் போன்ற, எதையும் தாங்கும் மரங்களை முதலில் நட்டார்கள். அவற்றின் நிழலிலும் சருகிலும் மண் தேறிய பின் நாட்டு மரங்களைக் கொண்டுவந்தார்கள். உள்ளூர்க் கூலியாட்களின் உழைப்பும் அதில் பாதி.

நாட்டு மரங்களின் விதை எங்கிருந்து வந்தது? கோயில் காடுகளிலிருந்து. மரக்காணத்துக்கும் புதுவைக்கும் இடையே கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயிலைச் சூழ்ந்த காடு அவற்றுள் புகழ்பெற்றது. புதுவை பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த பிளாஸ்கோவும் லெக்ரியும் 1970களில் இக்கரையோரக் காடுகளைப் பற்றி எழுதினார்கள். 1990களில் புதுவைப் பல்கலைக்கழகத்தார் ஒவ்வொரு மரமாக அளந்து கணக்கெடுத்தார்கள். ஐயனாருக்கு அஞ்சி ஒரு சுள்ளியும் எடுக்காத தலைமுறைகள் காத்தது மரங்களை மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. அக்காட்டின் மண் ஒருபோதும் உழப்படவில்லை, வேரின்றி ஒருநாளும் கிடக்கவில்லை. இந்த நிலத்துக்கே உரிய பூஞ்சைக் கூட்டம் அறுபடாமல் வாழ வேறெந்த இடம் இத்தனை ஏற்றது?

இன்று பல ஊர்களில் கோயில் காடுகளின் அடிநிலத்தைச் சீராக்கி, சிமெண்டுத் தளம் போட்டு, வண்டிகள் நிறுத்த இடம் ஒதுக்குகிறார்கள். 'மரத்தை வெட்டவில்லையே' என்று சமாதானமும் சொல்கிறார்கள். வேரடி மண்ணை மூடிய பிறகு நிற்கும் மரம், உறவினரை இழந்த முதியவரைப் போன்றது. அவர் காலத்துக்குப் பின் அவ்வீட்டில் விளக்கேற்ற ஆளில்லை. புதிதாய் மரம் நடுவோர் கடையில் ஒரு பொட்டலம் 'வேம்' வாங்கிப் போட்டால் போதும் என்று எண்ணுவதும் சரியன்று. ஓமன் பாலை சொன்ன பாடம் அதுவே. பொட்டலத்துப் பூஞ்சை பயிருக்கு உதவலாம். ஒரு நிலத்தின் பன்மையை அது திருப்பித் தராது. நாற்றுப்பைகளில் நிரப்பும் மண்ணோடு, அருகிலுள்ள பழைய காட்டின் அடியிலிருந்து ஒரு பிடி மண்ணைச் சேர்ப்பதே பழுதில்லாத வழி. அப்படி ஒரு பிடி எடுப்பதற்கேனும் காடு எஞ்சியிருக்க வேண்டும்.

மரங்களை அளந்த அதே பொறுமையோடு, கோயில் காடுகளின் மண்ணையும் சல்லடையில் இட்டுப் பார்க்கும் இளைஞர்கள் நம் கல்லூரிகளிலிருந்து வர வேண்டும் என்பது என் ஆசை. பெரிய கருவிகள் வேண்டியதில்லை. நீரும் சல்லடையும் ஓர் உருப்பெருக்கியும் போதும். நண்பர்கள் அடுத்தமுறை மயிலம் போகக் கூட்டேரிப்பட்டில் இறங்கினால், திருவக்கரையோடு திரும்பிவிடாமல் கீழ்ப்புத்துப்பட்டு வரைக்கும் போய்வாருங்கள். ஐயனாரை வணங்கிவிட்டு, வீரை மரத்தடியில் சருகை விலக்கி மண்ணைத் தொட்டுப் பாருங்கள். பிறகு சருகை முன்போலவே மூடிவிடுங்கள்.